யூரியா வேரை இறக்காது

கேள்வி: ஐயா, எங்களுக்குச் செங்கம் பக்கம். செவலை நிலத்தில் மானாவாரிக் கடலை போட்டிருக்கிறேன். பக்கத்துக் காட்டுக்காரரும் நானும் ஒரே வாரத்தில் ஒரே ரகம் விதைத்தோம். ஐம்பதாம் நாளோடு மழை நின்றுபோனது. இப்போது என் செடிகள் காலையிலேயே துவண்டு கிடக்கின்றன. அவர் காட்டில் உச்சி வெயிலில் மட்டும் வாடி, சாயங்காலம் தெளிந்துவிடுகிறது. இத்தனைக்கும் அவரைவிட ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா கூடுதலாகப் போட்டிருக்கிறேன். என் மண்ணில் என்ன குறை?
(வாசகர், செங்கம்)

பதில்: அந்த யூரியா மூட்டையிலிருந்தே தொடங்குகிறேன். கடலைக்கு அவ்வளவு வேண்டியதே இல்லை. வேர்முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. மண்ணிலேயே தழைச்சத்து மிதமிஞ்சிக் கிடந்தால் செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய கேடு, தழை பெருப்பது. தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கும் செடி, தான் தயாரிக்கும் உணவில் பெரும்பங்கை இலைக்கும் தண்டுக்கும் அனுப்பும். வேருக்குப் போவது குறையும். இலைப்பரப்பு கூடினால் ஆவியாகிப் போகும் நீரும் கூடும். மழை நின்ற அன்று உங்கள் செடிக்குச் செலவு அதிகம், வரவு குறைவு என்ற நிலை.

மானாவாரிக் கடலைக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை எக்டேருக்குத் தழைச்சத்து 10 கிலோ, மணிச்சத்து 10 கிலோ, சாம்பல்சத்து 45 கிலோ. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் யூரியா 9 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 25 கிலோ, பொட்டாஷ் 30 கிலோ. மண் பரிசோதனை செய்திருந்தால் அந்த அட்டையில் உள்ளபடி போடுங்கள். ஆனால் பரிந்துரையில் சாம்பல்சத்து மற்ற இரண்டையும் விட எவ்வளவு மேலே நிற்கிறது பாருங்கள். காரணம் இருக்கிறது. மண் காயத் தொடங்கியதை வேர் உணர்ந்ததும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் இலையில் கூடுகிறது. உடனே இலைத்துளைகளின் இருபுறமும் உள்ள காப்புச் செல்களிலிருந்து சாம்பல்சத்து வெளியேறும், செல்கள் தளரும், துளை மூடிக்கொள்ளும். சாம்பல்சத்து போதாத செடியில் இந்த வேலை மந்தமாகிவிடுகிறது. மூட வேண்டிய நேரத்தில் துளை சரியாக மூடாது, இருக்கிற கொஞ்ச நீரும் போய்விடும்.

இனி மண்ணுக்கு வருவோம். ஒரு மண்வெட்டியோடு போய், செடி வரிசையை ஒட்டி முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். குழியின் சுவரில் மெல்லத் தண்ணீர் தெளித்து மண்ணைக் கரைத்துவிட்டு வேரைப் பாருங்கள். பக்கத்துக் காட்டிலும் கேட்டுக்கொண்டு இதேபோல ஒரு குழி வெட்டிப் பாருங்கள். கடலைக்கு ஆணிவேர். தடையில்லாத மண்ணில் அது ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கக்கூடியது. உங்கள் காட்டில் அது ஒரு சாண் ஆழத்தில் பக்கவாட்டில் மடங்கிப் படர்ந்திருக்கும் என்பது என் ஊகம். அப்படி இருந்தால் அங்கே அடிமண் இறுகிப்போயிருக்கிறது. வருஷா வருஷம் ரோட்டவேட்டரை ஒரே ஆழத்தில் ஓட்டுவதாலும், ஈரம் காயுமுன் டிராக்டரை இறக்குவதாலும் வருகிற வினை இது. மேல்மண் பொடிப்பொடியாகப் பஞ்சுபோல இருக்கும், பார்க்க அழகாக இருக்கும். அதற்குக் கீழே வேர் நுழைய இடமிருக்காது. வறட்சியில் முதலில் காய்வது இந்த மேல்மண்தான்.

வேருக்கு இடம் கொடுத்தால் அது எவ்வளவு தூரம் போகும் என்பதை 1937-இல் அமெரிக்காவில் ஹோவர்ட் டிட்மர் அளந்து காட்டினார். கோதுமைக்கு உறவான ரை என்ற தானியச் செடி ஒன்றை நான்கு மாதம் பெட்டியில் வளர்த்து, மண்ணைக் கழுவி எடுத்து, வேர்களின் மொத்த நீளத்தைக் கணக்கிட்டார். ஒற்றைச் செடிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் வந்தது. இந்தப் பரப்பு முழுவதும்தான் செடி நீர் தேடும் வாய்.

இறுக்கத்துக்கு மருந்து உளிக்கலப்பை. கோடையில் மண் நன்றாகக் காய்ந்திருக்கும்போது அரை மீட்டர் இடைவெளியில் ஒருமுறை நேராகவும், பிறகு குறுக்காகவும் ஓட்டுங்கள். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போதும். ஈரத்தில் ஓட்டினால் மண்ணைக் கோடு கிழிக்குமே தவிர உடைக்காது. ஓட்டியபின் ஏக்கருக்கு ஐந்து டன் தொழுவுரம் போடுங்கள், இல்லாவிட்டால் உடைத்த மண் சீக்கிரமே பழையபடி இறுகிவிடும்.

உரம் எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். மணிச்சத்து மண்ணில் நகராது. ஒரு பருவம் முழுக்கச் சில மில்லிமீட்டர்தான் போகும். வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். மண் காய்ந்தால் அந்தச் சிறு நகர்வும் நின்றுபோகும். மேலே வீசிய சூப்பர் பாஸ்பேட் மேல்மண்ணோடு காய்ந்து கிடக்க, பக்கத்திலேயே செடி பட்டினி கிடக்கும். வறட்சியில் செடி வெளிறுவதற்குத் தாகம் மட்டும் காரணமில்லை, பசியும் சேர்ந்தே வருகிறது. அதனால் அடியுரத்தை விதைச்சாலில், விதைக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் விழும்படி இடுங்கள். வேர் ஓடும் முதல் மாதத்தில் கைக்கெட்டும் தூரத்தில் மணிச்சத்து இருந்தால்தான் கிளைவேர் அடர்த்தியாகப் பிரியும்.

இந்தப் பயிருக்கு இப்போது செய்யக்கூடியது குறைவு. இனி யூரியா வேண்டாம். எழுபத்தைந்து நாளுக்குள் ஒரு மழை கிடைத்தால் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணையுங்கள். கடலைக் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்தை வேர் வழியாக வாங்குவதில்லை, சுற்றியுள்ள ஈர மண்ணிலிருந்து நேராக உறிஞ்சிக்கொள்கிறது. அது கிடைக்காவிட்டால் தோல் மட்டும் வளர்ந்து உள்ளே பருப்பு இருக்காது. வறட்சி ஆண்டில் பொக்குக்காய் பெருகுவது இதனால்தான்.

கேள்வி: திருவாடானை வட்டத்தில் நேரடி விதைப்பு நெல் செய்கிறோம். ஆழமாக வேர் விடும் நெல் என்று ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாகச் சொல்கிறார்கள். உண்மையா? எங்களுக்குக் கிடைக்குமா?
(வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: உண்மைதான் அம்மா. பிலிப்பைன்ஸில் மேட்டுநிலத்தில் விளையும் கினண்டாங் படோங் என்ற நெல்லுக்கு வேர் செங்குத்தாக இறங்கும் குணம் உண்டு. உலகமெங்கும் பயிரான ஐ.ஆர்.64-க்கு வேர் பக்கவாட்டில் படரும் குணம். முதல் நெல்லில் அந்தக் குணத்தைத் தருவது டி.ஆர்.ஓ.1 என்ற மரபணு என்று ஜப்பானியர் யுசாகு உகாவும் அவர் குழுவினரும் 2013-இல் வெளியிட்டார்கள். அதை இனக்கலப்பு வழியாக ஐ.ஆர்.64-க்குக் கொண்டுவந்தபோது வேர் இறங்கும் கோணம் மாறியது. வறட்சியிலும் விளைச்சல் தாங்கியது.

ஆனால் நீங்கள் அந்த நெல்லுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆழவேர் எங்கும் நன்மை செய்யும் என்பதும் சரியல்ல. கீழே ஈரம் இருந்தால்தான் ஆழத்தால் பயன். பாறையோ உவரோ அரை மீட்டரில் இருக்கும் நிலத்தில் செடி வேரை இறக்கச் செலவழிப்பது வீண். உங்கள் பக்கத்துக் குழியடிச்சான், நொறுங்கன் போன்ற நாட்டு நெல்கள் வறட்சியில் தாக்குப்பிடித்து நின்றவை. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009-இல் வந்த அண்ணா 4 உங்கள் மாவட்டத்தை மனதில் வைத்தே உருவாக்கிய ரகம். நூறு நாளை ஒட்டிய வயது. மழை ஏமாற்றும் ஊருக்கு அந்தக் குறைந்த வயதே பெரிய பாதுகாப்பு.

விதையைக் கடினப்படுத்தி விதைக்கிறீர்களா? லிட்டருக்குப் பத்து கிராம் வீதம் பொட்டாசியம் குளோரைடு கலந்த நீரில், விதைக்குச் சம அளவு கரைசலில், 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதம் வரும்வரை உலர்த்திப் பிறகு விதையுங்கள். முளைப்பு சீராகும், இளம் நாற்று முதல் வறட்சியைத் தாங்கும். செலவு மிகக் குறைவு. இதைச் செய்யாமல் மானாவாரி நெல் விதைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: உளுந்து பூக்கும் நேரத்தில் வாடுகிறது. இலைவழியாக எதைத் தெளிப்பது?
(வாசகர், விளாத்திகுளம்)

பதில்: ஒரு சதவீத பி.பி.எஃப்.எம். கரைசல், அதாவது லிட்டருக்குப் பத்து மில்லி. அல்லது இரண்டு சதவீத டி.ஏ.பி.யோடு ஒரு சதவீத பொட்டாசியம் குளோரைடு. டி.ஏ.பி.யை முதல் நாள் இரவே ஊறவைத்துத் தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். காலையிலோ மாலையிலோ தெளியுங்கள். பி.பி.எஃப்.எம். உயிருள்ள பாக்டீரியா, அதைப் பூச்சிக்கொல்லியோடு கலக்காதீர்கள். இவை சில நாள் தாங்க உதவும், மழைக்கு மாற்று ஆகாது. சருகாகிப்போன செடிக்கு எதைத் தெளித்தாலும் பணம்தான் போகும்.

கேள்வி: போன வருஷம் கோடையில் கிணறு வற்றியது. இந்த வருஷம் தண்ணீர் தாராளமாக இருந்தும் தென்னையில் குரும்பை கொட்டுகிறது, காய்ப்பு பாதியாகிவிட்டது. கூடுதலாக உரம் வைக்கலாமா?
(வாசகர், உடுமலைப்பேட்டை)

பதில்: நீங்கள் பார்ப்பது போன வருஷ வறட்சியின் பலன். தென்னம்பாளை வெளியே தெரிவதற்கு வெகு மாதங்களுக்கு முன்பே குருத்துக்குள் உருவாகத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பருவத்தில் தாகம் பட்டால் பாதிப்பு இரண்டு ஆண்டு வரைகூடத் தொடரும். மரம் பழுது என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள்.

தென்னையின் சுறுசுறுப்பான வேர்களில் பெரும்பகுதி அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டருக்குள் இருக்கிறது. 1.8 மீட்டர் ஆரத்துக்கு வட்டப்பாத்தி எடுத்து அதற்குள்தான் உரமும் நீரும் போக வேண்டும். மரத்தடியில் கொட்டுவதால் பயனில்லை. வளர்ந்த மரத்துக்கு ஆண்டுக்குத் தொழுவுரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, இரண்டாகப் பிரித்து. பொட்டாஷைக் குறைத்துவிட்டு யூரியாவைக் கூட்டும் பழக்கம் உங்கள் பகுதியில் இருந்தால் அதை நிறுத்துங்கள். பொட்டாஷ் உப்பில் சாம்பல்சத்தோடு குளோரினும் இருக்கிறது. இலைத்துளையைத் திறந்து மூடத் தென்னைக்கு இரண்டும் வேண்டும். பாத்தியில் தேங்காய் மட்டைகளைக் குவிந்த பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கி மூடிவையுங்கள்.

இப்போது காய்ந்த மண்ணில் உரமூட்டையைப் பிரிக்க வேண்டாம். பருவமழை இறங்கி, பாத்திக்குள் ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் ஊறிய பிறகு முதல் தவணையை வையுங்கள்.