கார் கதவின் கீபேட் வேலை செய்யவில்லையா?

அமெரிக்காவில் ஃபோர்டு, லிங்கன் கார் வைத்திருக்கும் நம்மவர் வீடுகளில், ஓட்டுநர் கதவில் உள்ள ஐந்து பொத்தான் கீபேடுக்குத் தனி மதிப்பு உண்டு. 1980-இல் வந்த வசதி இது. சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு நடைப்பயிற்சிக்குப் போகலாம். பிள்ளைகளுக்குச் சாவி தராமல் ரகசிய எண்ணை மட்டும் சொல்லி அனுப்பலாம். அது ஒருநாள் நின்றுபோனால் உடனே புது கீபேட் வாங்கத் தோன்றும். கோளாறு ஒயரில் இருந்தால் அந்தச் செலவு வீண். அதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

1. முதலில் ரிமோட்டை அழுத்துங்கள். அடுத்து, கதவின் உள்பக்கப் பூட்டு சுவிட்ச். இரண்டுக்கும் எல்லாக் கதவுகளும் 'டக்' என்று பூட்டித் திறந்தால், பூட்டு மோட்டாரிலும் அதற்கான ஃபியூஸிலும் குறையில்லை. இனித் தேட வேண்டியது கீபேடிலும் அதன் ஒயரிலும்தான். உள் சுவிட்சுக்கே எந்தக் கதவும் அசையாவிட்டால் கீபேடைத் தொடவே வேண்டாம். பேட்டரியையும் ஃபியூஸையும் பாருங்கள்.

2. இரவெல்லாம் நின்ற வண்டியின் பேட்டரியை மல்டிமீட்டரில் அளந்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். 12-க்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்றச் சோதனைகள்.

3. பொத்தானை அழுத்தியதும் கீபேடின் விளக்கு எரிகிறதா என்று இருட்டில் பாருங்கள். விளக்கு எரிந்தும் கதவு திறக்காவிட்டால் எண் தவறு, அல்லது ஏதோ ஒரு பொத்தான் பழுது. விளக்கே எரியாவிட்டால் மின்சாரம் கீபேடுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி.

4. குழந்தைகள் பொத்தான்களைத் தட்டி விளையாடினார்களா? தவறான எண்ணாகத் தொடர்ந்து 35 முறை அழுத்தினால், திருட்டு முயற்சி என்று கருதி வண்டி கீபேடை ஒரு நிமிடம் முடக்கிவிடும், விளக்கு மினுக்கும். கை வைக்காமல் ஒரு நிமிடம் பொறுத்திருங்கள்.

5. ஒரே ஒரு பொத்தான் பழுதாகியிருந்தால் கருவியே இல்லாமல் கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு எண்கள்: 1-2, 3-4, 5-6, 7-8, 9-0. ஓட்டுநர் கதவை மூடிவிட்டு 7-8, 9-0 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். இதற்கு ரகசிய எண் தேவையில்லை. கதவுகள் பூட்டிக்கொண்டால் அந்த இரண்டு பொத்தான்களும் நலம். ரகசிய எண்ணைப் போட்டு ஓட்டுநர் கதவைத் திறந்த ஐந்து விநாடிக்குள் 3-4 அழுத்தினால் மற்றக் கதவுகளும், 5-6 அழுத்தினால் டிக்கியும் திறக்கும். மிச்சம் 1-2 மட்டும்தான். கம்பெனி தந்த எண் ஒன்று, நீங்களாகப் போட்டுக்கொண்ட எண் ஒன்று இருந்து, ஒன்று வேலை செய்து மற்றது செய்யாவிட்டால், வேலை செய்யாததில் மட்டும் வரும் பொத்தானைச் சந்தேகப்படுங்கள்.

6. எனக்கு முதல் சந்தேகம் எப்போதும் கீல் பக்கத்து ஒயர் மேல்தான். கதவைத் திறந்தால் கீல்களுக்கு நடுவே, கதவிலிருந்து வண்டியின் உடலுக்குள் போகும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை தெரியும். கதவுக்குப் போகும் ஒயர்கள் எல்லாம் அதற்குள்தான். கதவைத் திறக்கும்போதெல்லாம் அவை மடங்கி நிமிர்கின்றன. பனிக்காலத்தில் விறைத்துப்போன நிலையிலும் மடங்குகின்றன. பல வருடங்களில் உள்ளே செம்புக் கம்பி அறுந்துவிடும். மேலே பிளாஸ்டிக் உறை முழுதாகவே இருக்கும். வெறும் பார்வைக்குத் தெரியாது. ஒருவர் கீபேடை அழுத்திக்கொண்டிருக்க, இன்னொருவர் கதவை மெல்ல ஆட்டட்டும். ஏதோ ஒரு கோணத்தில் விளக்கு பளிச்சிட்டு அணைந்தால் ஆள் அகப்பட்டான். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ரப்பரை விலக்கி ஒவ்வொரு ஒயரையும் இரண்டு விரலால் லேசாக இழுங்கள். நல்ல ஒயர் விறைப்பாக நிற்கும். அறுந்தது ரப்பர் பேண்ட் போல நீண்டு கொடுக்கும். டேப் சுற்றி விடாதீர்கள், நிற்காது. கொஞ்சம் கூடுதல் நீளத்தில் துண்டு ஒயர் சேர்த்து, சோல்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். ஒட்டு மடங்கும் இடத்தில் வராமல் தள்ளி இருக்கட்டும்.

7. பழைய வண்டிகள் பலவற்றில் கீபேட் பொத்தான் சாதாரண சுவிட்ச்தான். கனெக்டரைக் கழற்றி, பொது ஒயருக்கும் பொத்தானின் ஒயருக்கும் நடுவே மல்டிமீட்டரை 'பீப்' நிலையில் வையுங்கள். அழுத்தும்போது ஒலித்தால் பொத்தான் நலம். எந்த நிற ஒயர் எதற்கு என்பதை உங்கள் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். புதிய தொடு கீபேடுகளை இப்படிச் சோதிக்க முடியாது.

8. மழைக்கோ கார் கழுவியதற்கோ மறுநாள் மட்டும் மக்கர் செய்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. கனெக்டரின் பின்களில் பச்சைப் பூப்பு இருக்கிறதா பாருங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்து, உலரவிட்டு மாட்டுங்கள். கீபேடின் மேல் ரப்பர் வெடித்திருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். சுத்தம் செய்வது சில வாரத்துக்குத்தான் தாங்கும்.

9. தொடு கீபேட் கையுறை போட்ட விரலுக்கு இணங்காமல் போகலாம். மேலே பனி உறைந்திருந்தாலும் அப்படித்தான். கையுறையைக் கழற்றி, பனியைத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். வெந்நீர் ஊற்றவே கூடாது, பக்கத்துக் கண்ணாடி விரிசல் விடலாம்.

10. கதவின் உள்பலகையைக் கழற்றுவதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிச் சில நிமிடம் விடுங்கள். சில வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேக்கின் சென்சார் கதவுக்குள் இருக்கும். அந்த ஒயர்களை மட்டும் மீட்டர் வைத்துச் சோதிக்காதீர்கள், அது மெக்கானிக் வேலை.

11. பழைய ஒயர் வகையில் ரகசிய எண் வண்டியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது, கீபேடில் இல்லை. ஆகவே கீபேடையே மாற்ற நேர்ந்தாலும் பழைய எண்ணே செல்லும். கம்பெனி எண் எழுதிய அட்டையைப் பலர் டாஷ்போர்டு அறையிலேயே விட்டுவிடுகிறார்கள். சாவி உள்ளே மாட்டிக்கொள்ளும் நாளில் அட்டையும் உள்ளேதான் இருக்கும். இன்றைக்கே எடுத்து வீட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.