கோலத்துக்கும் இலக்கணம் உண்டு

தண்டலத்தில் காலையில் வாசல்தோறும் வைக்கும் கோலப் புள்ளிகளைப் பாருங்கள். 1, 3, 5, 7 என்று ஏறி, 5, 3, 1 என்று இறங்கும். எத்தனை படி ஏறியதோ அத்தனை படி இறங்க வேண்டும். கோலங்களுக்கு இத்தகைய இலக்கண விதிகள் வகுத்து, தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-இல் கட்டுரை வெளியிட்டனர்.

இவ்விதியைச் சரிபார்க்க, 10 நிலைகள் மட்டுமே உடைய பொறி போதுமா? 1 முதல் 11 படிகள் வரை தனித்தனியே ஏற்றிப் பாருங்கள். ஏதேனும் இரண்டு ஏற்றங்களுக்குப் பின் அது ஒரே நிலையில்தான் நிற்கும். எத்தனை இறங்குவதென்று அதற்கு எப்படித் தெரியும்? நிலைகளைக் கூட்டினாலும் பெரிய கோலம் அதனை ஏமாற்றிவிடும். (எண்ணத் தெரியாத பாட்டிமார் ஏமாறுவதில்லை!)

ஏறும்போது படிக்கொரு புளியங்கொட்டையைக் குவியலில் வைத்து, இறங்கும்போது ஒவ்வொன்றாய் எடுக்கவிடுங்கள். கடைசிப் புள்ளியோடு குவியலும் தீர்ந்தால் கோலம் சரி. இதுவே அடுக்குத் தானியங்கி.