ஏழு சீட்டு ஸ்டட்: ஆட்டமும் கணக்கும்

சீட்டாட்டம் என்றவுடனே முகம் சுளிப்போர் நம்மில் பலர். அதில் தவறில்லை. 'சூது' என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், வென்று பெற்ற பொருளைக்கூடத் தூண்டிலில் வைத்த இரையாகவே கண்டார். அந்த எச்சரிக்கையை மறுப்பது என் நோக்கமன்று. அது எவ்வளவு சரி என்பதை எண்களைக் கொண்டு காட்டவே விரும்புகிறேன்.

நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்ததே ஆட்டக்காரர்களின் ஐயங்களால்தான். 1654-ஆம் ஆண்டில் பாஸ்கலும் ஃபெர்மாவும் எழுதிக்கொண்ட கடிதங்கள், பாதியில் நின்றுபோன ஆட்டத்தின் பணயத்தை எப்படிப் பங்கிடுவது என்பதைப் பற்றியவை. 1944-இல் நாய்மனும் மார்கென்ஸ்டர்னும் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலிலும் போக்கருக்குத் தனி இடம் உண்டு. எனவே விஞ்ஞானம் படிக்கும் மாணவன் ஒருவன் போக்கரைப் பற்றி எழுதுவதில் வியப்பில்லை.

போக்கர் அமெரிக்காவில் வளர்ந்த ஆட்டம். அதன் வகைகளில் இன்று பெருவழக்காயிருப்பது டெக்சாஸ் ஹோல்டம். அது பரவுவதற்கு முன் அமெரிக்காவில் பெரிதும் ஆடப்பட்டது ஏழு சீட்டு ஸ்டட். கணக்குப் பயில்வதற்கு இதுவே ஏற்றது என்பேன். காரணம், இதில் எதிரியின் சீட்டுகளுட் சில எப்போதும் நம் கண்முன் திறந்து கிடக்கும்.

ஆடும் முறை

52 சீட்டுகள், இருவர் முதல் எண்மர் வரை ஆடலாம். ஆடுவோர் ஒவ்வொருவரும் முதலில் ஒரு சிறு தொகையை நடுவில் வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்தும் ஒன்று திறந்தும் போடப்படும். திறந்த சீட்டில் மிகச் சிறியதை உடையவர் முதற் பந்தயத்தைக் கட்டியே ஆக வேண்டும். இருவரிடம் ஒரே எண் இருந்தால் கிளாவர், டைமன், ஆட்டின், இஸ்பேட் என்ற வரிசையில் கிளாவரே சிறியது. மற்றவர்கள் அந்தப் பந்தயத்துக்கு ஈடு கட்டலாம், உயர்த்தலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகலாம்.

அடுத்து நான்காம், ஐந்தாம், ஆறாம் சீட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்து போடப்படும். ஏழாவது மட்டும் கவிழ்த்துப் போடப்படும். ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பந்தயச் சுற்று. ஆக மொத்தம் ஐந்து சுற்றுகள். இரண்டாம் சுற்று முதல், திறந்த சீட்டுகளில் உயர்ந்தவற்றை உடையவரே முதலில் பேசுவார். வரம்புள்ள ஆட்டத்தில் ஐந்தாம் சீட்டிலிருந்து பந்தயத் தொகை இரட்டிப்பாகும். அமெரிக்கர் இக்கட்டங்களை மூன்றாம் தெரு, நான்காம் தெரு என்று அழைப்பது வேடிக்கை. இறுதிவரை நின்றவர்களுள், தம் ஏழு சீட்டுகளிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்த்துக் காட்டுபவர் வெல்வார்.

சேர்க்கைகளின் தரவரிசை, மேலிருந்து கீழாக: ஒரே இனத்தில் தொடர்ந்த ஐந்து, ஒரே எண்ணில் நான்கு, மூன்றும் ஒரு ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ், ஒரே இனத்தில் ஐந்தாகிய ஃப்ளஷ், இனம் வேறாயினும் தொடர்ந்த ஐந்து, ஒரே எண்ணில் மூன்று, இரு ஜோடி, ஒரு ஜோடி, இவை ஏதுமின்றிப் பெரிய சீட்டு.

இவ்வரிசையை யாரும் தம் மனம்போல் வகுக்கவில்லை. ஐந்து சீட்டுகளை 25,98,960 வகைகளில் எடுக்கலாம். அவற்றுள் ஃப்ளஷ் 5,108. ஃபுல் ஹவுஸ் 3,744. அரிதாக வருவது உயர்ந்தது, அவ்வளவே. ஏழு சீட்டில் நிலைமை சற்று மாறுகிறது. ஐந்து சீட்டில் ஏறத்தாழப் பாதி முறை ஜோடிகூட அமையாது. ஏழு சீட்டிலோ நூற்றுக்குப் பதினேழு முறையே அப்படி நேரும். எனவே வெறும் ஒரு ஜோடியை நம்பி இறுதிவரை நிற்பவர் பெரும்பாலும் தோற்பார்.

கண்ணைத் திறந்து ஆடுதல்

முதல் மூன்று சீட்டிலேயே ஆட்டத்தின் பெரும்பகுதி முடிவாகிறது. ஒரே எண்ணில் மூன்று சீட்டுகள் 425 முறைக்கு ஒரு முறையே வரும். பெரிய ஜோடி, ஒரே இனத்தில் மூன்று, அடுத்தடுத்த மூன்று ஆகியவை தொடரத் தக்கவை. மற்றவற்றை வருத்தமின்றிக் கவிழ்த்துவிடுவதே நலம். பொறுமைதான் முதற் பாடம்.

இரண்டாம் பாடம், எதிரில் கிடப்பதை எண்ணுதல். முதல் மூன்றும் ஆட்டின் என்று கொள்வோம். பிறர் சீட்டைப் பாராமல் கணக்கிட்டால், இறுதியில் ஃப்ளஷ் அமையும் வாய்ப்பு நூற்றுக்கு 18. மற்ற எழுவரின் திறந்த சீட்டுகளில் ஒன்றுகூட ஆட்டின் இல்லையானால் அது 23.6 ஆக உயரும். மூன்று ஆட்டின் இருந்தால் 12.3 ஆகத் தாழும். கையில் உள்ள சீட்டு ஒன்றே. அதன் மதிப்போ கிட்டத்தட்ட இரு மடங்கு வேறுபடுகிறது!

மூன்றாம் பாடம், விலையும் வாய்ப்பும் ஒப்பிடுதல். நம் ஆறு சீட்டுகளில் நான்கு ஆட்டின். ஒரே எதிரி நிற்கிறார். அவர் கட்டிய பந்தயத்தையும் சேர்த்து நடுவில் 100 தீக்குச்சிகள். நாம் கட்ட வேண்டியது 20. ஆட்டின் வந்தால் வெற்றி நமதே, வராவிடில் தோல்வி என்று வைத்துக்கொள்வோம். நம் ஆறு, எதிரியின் திறந்த நான்கு, விலகிய அறுவர் காட்டிய ஆறு என 16 சீட்டுகள் கண்டுவிட்டோம், காணாதவை 36. பிறரிடம் இரண்டு ஆட்டின் கண்டிருந்தால் எஞ்சியவை 7. 36 முறை ஆடினால் 7 முறை 100 வருவதால் 700 வரவு, 29 முறை 20 போவதால் 580 செலவு, ஆதாயம் 120. பிறரிடம் நான்கு கண்டிருந்தால் எஞ்சியவை 5. வரவு 500; செலவு 620; நட்டம் 120. முன்னதில் கட்டுக, பின்னதில் கவிழ்க்க!

பாசாங்கும் இவ்வாட்டத்தில் உண்டு. ஆனால் திறந்த சீட்டுகள் சொல்லும் கதைக்கு அது பொருந்த வேண்டும். இரண்டும் நான்கும் காட்டிக்கொண்டு ராஜா ஜோடி வைத்திருப்பவர்போல் மிரட்டினால் யார் நம்புவார்?

கணக்கு சொல்லும் இறுதி முடிவு

எங்கள் விடுதியில் ஒரு மாணவர், மெஸ் கட்டணத்தைக் கைப்பேசிச் சீட்டாட்டத்தில் இழந்தார். "பத்து முறை வரவில்லை, இம்முறை வந்தே தீரும்" என்பது அவர் வாதம். கலைத்த சீட்டுக்கு நினைவு கிடையாது. பத்து முறை வராததை அது அறியாது. பதினோராம் முறை இரங்கவும் செய்யாது.

வேறொன்றும் உண்டு. பணம் வைத்து ஆட்டம் நடத்துவோர், நடுவில் சேரும் தொகையிலிருந்து தம் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். ஆடுவோர் அனைவரின் வரவுசெலவையும் கூட்டினால் மொத்தம் நட்டமாகவே வரும். திறமையுள்ளவன் ஒருவன் வென்றால், அவன் வென்றதற்கும் மேலாகப் பிறர் இழந்திருப்பர். தூண்டிலின் கணக்கு இதுவே. 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறனாட்டமா வாய்ப்பாட்டமா என்று பாராது, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதைத் தடைசெய்தது.

நண்பர்களே, ஞாயிறு மாலை ஒரு பெட்டித் தீக்குச்சியுடன் அமருங்கள். புளியங்கொட்டை கிடைத்தால் இன்னும் நன்று. நான்கு பேர் சேர்ந்து, கண்ட சீட்டுகளை எண்ணி எண்ணி ஆடிப் பாருங்கள். வகுப்பில் கரும்பலகையில் வறண்டு தோன்றும் நிகழ்தகவு உங்கள் விரல்களில் உயிர் பெறும். கையில் தீக்குச்சி இருக்கும்வரை இது படிப்பு. பணம் ஏறினால் சூது.