மயிலாப்பூருக்குள் ஒரு போர்த்துகீசிய ஊர்: அரை நாள் நடைக்கு முழுமையான வழிகாட்டி

ஐரோப்பிய டூர் பேக்கேஜ் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட கொட்டிவாக்கம்வாசிகளுக்கு ஒரு சேதி. போர்த்துகீசியர் குடியேறிய பழைய ஊர் ஒன்று பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஆங்கிலேயர் 1639-இல் சென்னையில் இடம் பெறுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே மயிலாப்பூரின் சாந்தோமில் போர்த்துகீசியர் காலூன்றிவிட்டார்கள். மிச்சமிருப்பதைப் பார்க்க ஒரு காலைப்பொழுது போதும். ஒரே ஒரு விதி: உயரத்தை வைத்து வயதை முடிவு செய்யாதீர்கள். எங்கே போனாலும் கட்டிய ஆண்டைப் பாருங்கள்.

1. நாளும் உடையும்

சனிக்கிழமை நல்லது. ஞாயிறன்று திருப்பலி நேரங்களில் தேவாலயங்களைச் சுற்றிப் பார்க்க இயலாது. முழங்கால் மறைக்கும் பருத்தி உடை, சட்டென்று கழற்றக்கூடிய செருப்பு, தொப்பி, தண்ணீர் பாட்டில் போதும். வழியில் வரும் கபாலீஸ்வரர் கோயிலில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். எனவே ஏழு மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

2. பறக்கும் ரயிலில் போங்கள்

ஈசிஆரில் பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்துத் திருவான்மியூர் வந்து, பறக்கும் ரயில் நிலையத்துக்குப் போங்கள். கடற்கரை நோக்கிச் செல்லும் வண்டியில் ஏறித் திருமயிலையில் இறங்கினால் லஸ் முனை பக்கம்தான். மெட்ரோ வேலையால் அங்கே பாதைகள் அடிக்கடி மாறுகின்றன. பூக்கடைக்காரரிடம் கேட்டால் சரியான வழி கிடைக்கும்.

3. முதலில் லஸ் தேவாலயம்

உள்ளூர்க்காரர்களுக்கு இது காட்டுக்கோயில். ஒரு காலத்தில் சுற்றிலும் காடாக இருந்த இடம். புயலில் திசை தெரியாமல் தவித்த மாலுமிகள் கரையில் ஓர் ஒளியைக் கண்டு, அது மறைந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் கட்டினார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. கட்டிய ஆண்டு 1516 என்கிறது இங்குள்ள போர்த்துகீசியக் கல்வெட்டு. சற்றுப் பிந்தியது என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. எப்படியானாலும் சென்னையின் மிகப் பழைய தேவாலயங்களில் இது ஒன்று. கட்டடம் சிறியதுதான். உள்ளே போய் வளைந்த கூரையை அண்ணாந்து பாருங்கள். பிறகு வெளியே வந்து கல்வெட்டின் எழுத்துகளை நிதானமாகப் பாருங்கள்.

4. அடுத்து கபாலீஸ்வரர் கோயில்

போர்த்துகீசியர் கதையில் கபாலி கோயிலுக்கு என்ன வேலை? பழைய கோயில் கடலோரத்தில் இருந்தது, அவர்கள் காலத்தில் அழிந்தது, பிறகு இப்போதைய இடத்தில் எழுந்தது என்றே பொதுவாகச் சொல்கிறார்கள். சாந்தோம் பகுதியில் கிடைத்த பழைய தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகளும் அதற்குத் துணை நிற்கின்றன. குளத்தை ஒட்டி நடந்து கிழக்குக் கோபுரத்துக்கு வாருங்கள். சுமார் 120 அடி உயர ராஜகோபுரம் எழுப்பப்பட்டது 1906-இல். தரிசனம் முடிந்ததும் மாட வீதியில் டிபனை முடித்துக்கொள்ளுங்கள், இனிமேல்தான் வெயில்.

5. கச்சேரி ரோடு வழியே கடலை நோக்கி

நாட்டு மருந்துக்குப் பேர்போன டப்பா செட்டி கடை இந்தச் சாலையில்தான். நேரே கிழக்கே நடந்தால் சாந்தோம் நெடுஞ்சாலை வரும். நடக்கும்போது இந்த ஊர் கைமாறிய கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 1662-இல் கோல்கொண்டா சுல்தான் படை பிடித்தது, 1672-இல் பிரெஞ்சுக்காரர்கள் பறித்தார்கள், இரண்டே ஆண்டில் அவர்களும் வெளியேறினார்கள். வணிகம் வடக்கே புனித ஜார்ஜ் கோட்டைப் பக்கம் நகர்ந்தது.

6. கடைசியில் சாந்தோம் பேராலயம்

இயேசுவின் சீடர் தோமா அடக்கம் செய்யப்பட்ட இடம் என்ற நம்பிக்கையில், 1523 வாக்கில் போர்த்துகீசியர் இங்கே ஆலயம் கட்டினார்கள். 1606-இல் இது மறைமாவட்டத் தலைமை ஆலயமாயிற்று. ஆனால் இன்று நீங்கள் பார்க்கும் வெள்ளைக் கட்டடம் அதுவல்ல. பழையதை இடித்து, 1893 முதல் 1896 வரை கோதிக் பாணியில் புதிதாகக் கட்டியது. உயர்ந்த கோபுரம் 155 அடி. நடுவே உள்ள சிறிய கோபுரம் கல்லறை இருக்கும் இடத்துக்கு அடையாளம்.

உள்ளே இரண்டைத் தவறவிடாதீர்கள். ஒன்று, உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தோமா தொட்டுப் பார்க்கும் காட்சி கொண்ட வண்ணக் கண்ணாடி. இன்னொன்று, போர்த்துகலிலிருந்து வந்த மயிலை மாதா சுரூபம்; 1545-இல் இங்கே தங்கிய பிரான்சிஸ் சவேரியார் அதன்முன் செபித்ததாகச் சொல்வார்கள். கல்லறைச் சிற்றாலயம் நிலத்தடியில், வழி பின்பக்கம். அங்கே பேச்சும் கேமராவும் வேண்டாம்.

7. கணக்கைக் கூட்டுங்கள்

ஊருக்கே அடையாளமான இரண்டு கோபுரங்களும் பத்தாண்டு இடைவெளியில் எழுந்தவை. இரண்டும் இன்னொரு கட்டடத்தின் இடத்தையோ நினைவையோ சுமப்பவை. போர்த்துகீசியர் காலத்தை நேரில் காட்டுவது, மூன்றிலும் சிறிய காட்டுக்கோயில்தான்.

8. இன்னொரு நாள்

சின்னமலைக் குகையும், பரங்கிமலை உச்சியில் 1523-இல் எழுந்த ஆலயமும் இதே கதையின் மறுபாதி. பரங்கிமலைப் படிகளை அமைத்தவர் ஆர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே 1726-இல் பழைய பாலம் கட்டியவரும் அவரே. இரண்டு இடங்களுக்கும் மெட்ரோ போகிறது. படியேற வேண்டுமென்பதால் வெயில் தணிந்து மாலை நாலரைக்குப் போங்கள்.