புத்தக ஓரத்தில் எழுதலாமா? புதிய வாசகர்களுக்குச் சில யோசனைகள்

புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஊர் நம்முடையது. அதனால்தான் புதிதாகப் படிக்க வரும் பிள்ளைகள் பலரும், "புத்தகத்தில் எழுதலாமா, தப்பில்லையா?" என்று தயங்கிக் கேட்கிறார்கள். எழுதலாம் என்பது மட்டுமல்ல, எழுத வேண்டும் என்பதே என் கட்சி. அதற்குச் சில முறைகள் உண்டு.

1. முதலில் அந்தப் புத்தகம் யாருடையது என்று பாருங்கள். நூலகப் புத்தகத்திலும் இரவல் புத்தகத்திலும் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. ஏதாவது ஒரு கிளை நூலகத்தில் போட்டித்தேர்வுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். யாரோ ஒரு புண்ணியவான் எல்லா வினாவுக்கும் பால்பாயின்ட் பேனாவால் டிக் அடித்திருப்பார். அதில் பாதி தப்பாக இருக்கும். அடுத்து எடுப்பவருக்குச் சொந்தமாக யோசிக்கும் வாய்ப்பும் போயிற்று. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் குறிப்பு எழுதித் தரவேண்டும் என்பதற்காகவே நண்பர்கள் அவருக்குப் புத்தகம் கொடுத்ததுண்டு. உங்களிடமும் யாராவது அப்படிக் கேட்டுக் கொடுத்தால் தாராளமாக எழுதுங்கள். அதுவரை தனி நோட்டு போதும்.

2. பென்சில்தான் கருவி. எச்.பி. அல்லது 2பி முனை போதும். கடினமான முனை தாளைக் கீறும். பால்பாயின்ட் பேனாவை அழுத்தி எழுதினால் மறுபக்கத்தில் தடம் விழும். மெல்லிய தாளில் ஹைலைட்டர் ஊறி இரண்டு பக்கத்தையும் கெடுக்கும். எழுதும்போது கை தவறினால் அழிக்க முடிவது பென்சில் எழுத்தை மட்டுமே.

3. அடிக்கோடு போட்டுவிட்டால் குறிப்பெடுத்ததாக நினைக்காதீர்கள். கோடு உங்கள் கண் அங்கே நின்றது என்று சொல்லும். மனம் என்ன நினைத்தது என்று சொல்லாது. ஆகவே கோட்டுக்குப் பக்கத்தில் நாலு சொல் எழுதுங்கள். 'பொன்னியின் செல்வன்' ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. அங்கே கோடு மட்டும் போட்டால் ஒரு வருடத்தில் அது எதற்கென்றே மறந்துவிடும். "இதுதான் வீராணம். சென்னைக்குத் தண்ணீர் வரும் ஏரி. நேரில் போய்ப் பார்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தால், கதை உங்கள் வீட்டுக் குழாய் வரைக்கும் வந்துவிடும்.

4. பாராட்டைக் குறையுங்கள், கேள்வியைக் கூட்டுங்கள். "அருமை", "சூப்பர்" என்பவை எந்தப் பக்கத்துக்கும் பொருந்தும். ஆகவே எதற்கும் உதவாது. வரலாற்றுக் கட்டுரை படிக்கிறீர்களா? "சான்று எங்கே? கல்வெட்டா, செவிவழிக் கதையா?" என்று கேளுங்கள். "இரண்டாம் அத்தியாயத்தில் வேறு மாதிரி சொன்னாரே" என்று பக்க எண்ணோடு மடக்குங்கள். எவ்வளவு பெரிய எழுத்தாளராக இருந்தாலும் சரி, மரியாதையோடு மறுத்துப் பேசலாம்.

5. கடைசி வெற்றுத்தாளில் உங்களுக்கென்று ஒரு பொருளடைவு போடுங்கள். சார்லஸ் டார்வின் செய்தது இதுதான். தம் ஆய்வுக்கு வேண்டிய செய்திகள் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று புத்தகத்தின் கடைசியில் குறித்துவைப்பார். புத்தகம் தம்முடையது இல்லையென்றால் தனித்தாளில் சுருக்கம் எழுதிக்கொள்வார். புதிய பொருளைக் கையில் எடுக்குமுன் அந்தக் குறிப்புகளையெல்லாம் ஒருமுறை புரட்டிப் பார்ப்பார். "பக். 42: பஞ்சம், பக். 97: கூலி" என்ற அளவுக்கு எழுதினாலே போதும்.

6. நூலாசிரியரின் எழுத்தோடு உங்கள் எழுத்து கலந்துவிடக் கூடாது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், ஏடுகளில் எது மூலம், எது உரை என்று பிரித்தறியவே பெரும்பாடு பட்டார். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி ஓடின. அச்சுப்பிழையைக் கண்டால் எழுத்தின்மேல் எழுதித் திருத்தாதீர்கள். ஓரத்தில் சரியான வடிவத்தை எழுதுங்கள். தப்பு உங்களுடையதாகவும் இருக்கலாம் அல்லவா? குறிப்பின் கீழே தேதி போடுவதும் நல்ல பழக்கம்.

7. ஓரத்தில் இடம் போதாவிட்டால் தாளைத் தேடுங்கள். பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா, டயோஃபான்டஸ் நூலின் ஓரத்தில் ஒரு தேற்றத்தை எழுதி, அதற்கு அற்புதமான நிரூபணம் கைவசம் இருப்பதாகவும், இங்கே இடம் போதவில்லை என்றும் முடித்துவிட்டார். அவர் எழுதிய பிரதியும் பிறகு தொலைந்தது. மகன் 1670இல் அந்தக் குறிப்புகளை அச்சில் ஏற்றியதால்தான் செய்தியே உலகுக்குத் தெரிந்தது. கணித அறிஞர் ஆண்ட்ரூ வைல்ஸ் அந்தத் தேற்றத்தை நிரூபிக்க, உலகம் 1990கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

8. எதிலெல்லாம் எழுதக் கூடாது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மடித்தால் ஒடியும் பழைய தாள், கிடைப்பதற்கு அரிய முதற்பதிப்பு ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். அவற்றுக்குள் வெள்ளைத்தாள் துண்டு செருகினால் போதும். குண்டூசி, கிளிப் வேண்டாம். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் துருப்பிடித்துத் தாளை அரிக்கும்.

9. எழுதியதைத் திரும்பப் படியுங்கள். சில வருடம் கழித்து அதே புத்தகத்தை எடுக்கும்போது, பழைய குறிப்போடு உங்களுக்கே உடன்பாடு இல்லாமல் போகலாம். அதை அழிக்காதீர்கள். கீழே புதிய தேதி போட்டு, ஏன் மாறினீர்கள் என்று எழுதுங்கள். பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு இன்றைக்கே தொடங்குங்கள். உங்கள் சொந்தப் புத்தகத்தில் மட்டும்.