கண் காட்டுவதெல்லாம் மெய்யா?

அரையிருளில் கிடக்கும் கயிறு பாம்பாகத் தோன்றுவதை நம் முன்னோர் நெடுங்காலமாக எடுத்துக்காட்டாகக் கூறி வந்துள்ளனர். தோட்டப்புறத்தில் வாழும் நமக்கோ அதற்கு நேர்மாறான மயக்கமே பேராபத்தானது. அது, பாம்பு சருகாகத் தோன்றும் மயக்கமாகும்.

தாசேக் கெலுகோர், வயல்களும் ரப்பர், செம்பனை மரங்களும் சூழ்ந்த வட்டாரம். தீபகற்பத்தின் வடபகுதியில் இத்தகைய இடங்களில் வாழ்வது மலாயா குழிவிரியன். மலாய் மக்கள் இதனை 'ஊலார் காப்பாக் போடோ' என்பர். பழுப்பு நிற உடலும் கருநிற முக்கோணக் குறிகளும் காய்ந்த இலைகளோடு ஒன்றிப்போகும். ஆள் நெருங்கினாலும் அது விலகுவதில்லை. கடித்த பின்னரும் அவ்விடத்திலேயே கிடப்பதுண்டு.

விடியுமுன் நிரைக்குச் செல்பவரின் கண் இதனைக் காணத் தவறுவது ஏன்? கண் புகைப்படக் கருவியன்று. வெளிச்சத்திலிருந்து இருளுக்குள் சென்றால், கண் அதற்கு நன்கு பழகச் சுமார் 30 நிமிடங்கள் ஆகும். அதுவரை கண் தரும் செய்தி குறைவு. குறைந்ததை மூளை தன் பழைய அனுபவத்தால் நிரப்பிக்கொள்கிறது. ஆயிரம் முறை சருகைக் கண்டவருக்கு, ஆயிரத்தோராம் முறையும் சருகே தெரியும்.

இதனை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். இரு கட்டை விரல்களையும் கை நீட்டி அருகருகே நிறுத்துக. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் இடக்கை விரலை மட்டும் உற்று நோக்குக. வலக்கை விரலை மெல்ல வலப்புறம் நகர்த்தினால், ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் அதன் நுனி மறைந்துவிடும். அவ்விடத்தில் ஓட்டை எதுவும் தெரிவதில்லை. மூளை அதனைப் பின்னணியால் மூடிவிடுகிறது.

மயக்கம் கண்ணோடு நிற்பதில்லை. காரண காரியத்தை உணர்வதிலும் அது புகுகிறது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் பினாங்கில் பணியாற்றிய மருத்துவர் அலிஸ்டேர் ரீட், வட மலாயாவில் பாம்பு கடித்தோரை வரிசையாக ஆராய்ந்து, 1963இல் முடிவுகளை வெளியிட்டார். குழிவிரியன் கடித்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நஞ்சு சிறிதளவே ஏறியிருந்தது, அல்லது ஏறவேயில்லை. இதன் பொருளைச் சிந்தித்தல் வேண்டும். மந்திரித்தாலும், பச்சிலை கட்டினாலும், ஒன்றுமே செய்யாவிட்டாலும் அப்பாதிப்பேர் பிழைப்பர். பிழைத்தவரைக் கண்ட நாம் மந்திரம் பலித்ததென்று நம்புகிறோம். மற்றப் பாதியின் துன்பத்தை விதியின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

கடியுண்டவரின் தோற்றமும் ஏமாற்றும். நஞ்சு ஏறாதவர் அச்சத்தினாலேயே வியர்த்து, உடல் குளிர்ந்து மயங்கக்கூடும். நஞ்சு ஏறியவரோ தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கக்கூடும். ஆயினும் அவர் குருதி உறையும் ஆற்றலை இழந்திருக்கும். இதனை வெறும் பார்வையால் அறிய இயலாது. சிறிதளவு குருதியைத் தூய கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடங்கள் அசையாது வைத்துப் பார்க்கும் எளிய சோதனை இதனை வெளிப்படுத்தும். நாம் ஊகித்ததை அக்குழாய் சோதித்துச் சொல்கிறது.

ஆகவே, இருளில் நடக்கையில் விளக்கும் காலணியும் இன்றியமையாதவை. பாம்பு கடித்துவிட்டால் கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். மோதிரம், கொலுசு முதலியவற்றைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, 999 எண்ணை அழைக்க வேண்டும்; அல்லது காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இவ்வட்டாரத்தார்க்குக் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனை அருகிலுள்ளது. பாம்பைப் பிடிக்க முயலுதல் கூடாது. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்க. வீக்கத்தின் எல்லையில் பேனாவால் கோடிட்டு, மணியையும் எழுதுக. 'வீக்கம் குறைந்தது போலிருக்கிறது' என்னும் நம் எண்ணத்தைவிட அக்கோடு மருத்துவருக்கு உறுதியான சான்றாகும்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பர் பெரியோர். புலன்களை வெறுக்கச் சொன்னதன்று இப்பழமொழி. புலன்கள் கூறுவதை அளந்து, எண்ணி, ஒப்பிட்டுப் பார்த்து ஏற்கச் சொன்னது. அவ்வாறு சரிபார்க்கும் பழக்கம் ஓர் உயிரையே காக்கக்கூடும்.