பாதரச செல் போன பிறகு பழைய கேமராவுக்கு என்ன வழி?

இந்தக் கட்டுரைக்குக் காரணம் நான் வீணாக்கிய ஒரு பிலிம் ரோல்.

ஞாயிறுதோறும் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குப் போகிறேன். அப்பா மூட்டை தூக்குகிறவர். என் புத்தகச் செலவையாவது நான் பார்க்க வேண்டாமா? அங்கே கண்ணாடி அலமாரியில் ஒரு மினோல்டா எஸ்.ஆர்.டி. 101 தூசி படிந்து கிடந்தது. 1966-ல் ஜப்பானிலிருந்து வந்த மாடல். "எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிறே, மீட்டரை ஓட வச்சா நீயே வச்சுக்கோ" என்றார் கடை அண்ணாச்சி. எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். ரேடியோ கெட்டாலும் மிக்ஸி கெட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வருவதில்லை. அன்றும் வரவில்லை.

அடியில் இருந்த மூடியைத் திறந்தால் பச்சை பூத்த ஒரு பட்டன் செல். பி.எக்ஸ்.625, 1.35 வோல்ட். அது கிடைக்கவில்லை. வாட்ச் கடையில் எல்.ஆர்.44 வாங்கி, அலுமினியத் தாளை மடித்துச் சுற்றிலும் திணித்தேன். முள் எழுந்தது! பேட்டரி செக் போட்டுப் பார்த்தால் முள் குறியைத் தாண்டிப் போய் நின்றது. 'செல் நல்ல பலமா இருக்கு' என்று சந்தோஷப்பட்டேன். அங்கேயே யோசித்திருக்க வேண்டும்.

சேர்த்து வைத்த காசில் ஒரு கலர் ரோல் வாங்கி ஊருக்குப் போய் 36 படமும் எடுத்தேன். கழுவி வந்ததும் பார்த்தால் எல்லாம் இருட்டு. வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்த அப்பத்தாவின் முகம் சாம்பல் அப்பியது போல இருந்தது. "மரத்தைப் பிடிச்சிருக்கே, என்னைய எங்கடா?" என்று கேட்டது அப்பத்தா.

கேமரா மேல் குற்றமில்லை. அதன் மீட்டரில் சி.டி.எஸ். என்னும் ஒளி மின்தடை இருக்கிறது. வெளிச்சம் கூடினால் தடை குறையும், கரன்ட் கூடும், முள் நகரும். எல்லாம் நம்ம ஓம் விதிதான். ஆனால் வோல்ட்டேஜ் கூடினாலும் கரன்ட் கூடுமே! நான் போட்ட புது செல்லை மல்டிமீட்டரில் பார்த்தபோது 1.57 காட்டியது. அதிகமான கரன்ட்டை அதிகமான வெளிச்சம் என்று மீட்டர் எடுத்துக்கொண்டது. நானும் அது சொன்னபடி அப்பர்ச்சரைச் சுருக்கினேன். 16 சதவீதம்தானே கூடுதல் என்று தோன்றும். முள் நகரும் அந்தச் சின்ன இடத்துக்குள் எத்தனையோ ஸ்டாப் அடங்கியிருப்பதால் சிறு விலகலும் பெரிதாகிவிடும். கலர் நெகட்டிவ் கொஞ்சம் அதிக வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. நிழலில் உட்காரவைத்தது என் பங்குத் தவறு.

அப்படியானால் ஜப்பான்காரர்கள் ஏன் வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் வைக்கவில்லை? அவசியமே இல்லாமல் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சாமுவேல் ரூபன் என்ற அமெரிக்கர் உருவாக்கிய பாதரச செல், தீரும் தறுவாய் வரை ஏறக்குறைய அதே 1.35 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். செல்லே அளவுகோலாகவும் இருந்தது. நான் அதை வெறும் சப்ளை என்று நினைத்ததுதான் தப்பு.

அந்த செல்லைத் தடை செய்ததும் நியாயமே. பாதரசம் மண்ணிலும் தண்ணீரிலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1956-ல் மினமாட்டா உலகுக்குக் காட்டியது. நம் கொடைக்கானலில் பாதரசக் கழிவுப் பிரச்சினையால் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. அமெரிக்கா 1996-லேயே பாதரச ஆக்சைடு பட்டன் செல் விற்பனையைச் சட்டம் போட்டு நிறுத்தியது.

இனி மாற்று வழி. எல்.ஆர்.44 போன்ற அல்கலைன் வேண்டவே வேண்டாம். அதன் வோல்ட்டேஜ் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும், இன்றைய பிழை நாளை இருக்காது. சில்வர் ஆக்சைடு (எஸ்.ஆர்.44) 1.55-ல் நிலையாக நிற்கும். அதோடு தொடராக ஒரு ஷாட்கி டயோடு போட்டால் சுமார் 0.2 வோல்ட் குறையும். சாதாரண சிலிக்கான் டயோடு போட்டால் 0.6 வரை விழுங்கிவிடும், மீட்டருக்கு மிச்சம் போதாது. ஷாட்கியிலும் கரன்ட்டைப் பொறுத்து அந்தக் குறைவு மாறும், ஆகவே முழுத் துல்லியம் வராது. செல் மீது நேரடியாகச் சால்டரிங் அயர்னை வைக்காதீர்கள், வெடிக்கலாம்.

நான் கடைசியில் போட்டது காது கேட்கும் கருவிக்கான 675 செல். ஜிங்க்-ஏர் வகை, சுமார் 1.4 வோல்ட், கிட்டத்தட்ட மாறாது. விட்டம் 11.6 மி.மீ., பழைய செல்லோ 16 மி.மீ. அளவு. இடைவெளிக்குக் குழாய் வாஷரை அறுத்து வளையம் செய்தேன். காற்றுத் துளைகளை மட்டும் மூடிவிடக் கூடாது. ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடமாவது காற்று பட வைக்க வேண்டும். உரித்துவிட்டால் உபயோகித்தாலும் இல்லாவிட்டாலும் சில வாரங்களில் தீர்ந்துவிடும். அது ஒன்றுதான் குறை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். 1964-ல் வந்த பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக்குக்கு இந்தத் தலைவலியே இல்லை. அதற்குள் இருப்பது நாம் லேபில் தூங்கி வழிந்துகொண்டே செய்த வீட்ஸ்டன் பிரிட்ஜ்! முள் நடுவுக்கு வந்தால் பேலன்ஸ். பி/கியூ = ஆர்/எஸ் என்ற சமன்பாட்டில் சப்ளை வோல்ட்டேஜ் எங்கே வருகிறது? வராது. எனவே 1.55 போட்டாலும் அதே ரீடிங்தான். இரண்டு மார்க்குக்காக மனப்பாடம் செய்த அந்த வரி எனக்குப் புரிந்தது அன்றுதான்.

மினோல்டாவை அண்ணாச்சியின் கைமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். வெயிலில் இரண்டும் ஒன்று, வீட்டுக்குள் அரை ஸ்டாப் வித்தியாசம். பரவாயில்லை. பச்சை பூத்த பழைய செல்லைக் குப்பையில் போடவில்லை, நெருப்பிலும் போடக் கூடாது. மூடி போட்ட புட்டியில் வைத்திருக்கிறேன், மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுக்க வேண்டும். இரண்டாவது ரோலில் 24 படம் முடிந்தது. மிச்சம் 12 அப்பத்தாவுக்கு, இந்த முறை வெயிலில்.